இஸ்திரிக் கணக்கு

இந்த நோட்டில் முன்பெல்லாம்
இஸ்திரிக் கணக்கு மட்டும்தான்.
சட்டை மூன்று, பேன்ட் இரண்டு,
என் காட்டன் புடவை ஒன்று,
கஞ்சி போட்டதற்குத் தனியாக ஐந்து ரூபாய்.

நவம்பரிலிருந்து
வலது ஓரத்தில் ஒரு கோடு கிழித்து
உங்கள் சொற்களையும் எழுதி வருகிறேன்.

ஒன்பதாம் தேதி: "ம்".
டாக்டர் இதைச் சொல்லாக ஏற்கவில்லை.
நான் ஏற்றுக்கொண்டேன்.
முப்பத்தோரு வருஷம்
அந்த ஒரு "ம்"மை வைத்துத்தானே
குடித்தனம் நடத்தினோம்.

பதினேழு: "சனியன்".
பிசிறில்லாமல், சுத்தமாக,
கை நழுவி விழுந்த ஸ்பூனைப் பார்த்து.
பேச்சுப் பயிற்சிக்கு வரும் ரிதிமா கைதட்டினாள்.
அர்த்தம் கேட்டாள்.
ஒரு கிரகம் என்றேன்.

அடுத்த நாள் "கதவு" வந்தது.
வந்தது போகவில்லை.
நான்கு நாள் எல்லாமே கதவு:
காபி கதவு, ரிமோட் கதவு,
வாசலில் நின்ற கூரியர் பையன் கதவு.
நானும் கதவுதான்.

இருபத்திரண்டு: "உப்பு".
இருபத்து மூன்று: உப்பைக் காணோம்.
ரசத்தைக் காட்டிக் காட்டி
இடது கை வலித்ததுதான் மிச்சம் உங்களுக்கு.
எனக்கு நுனி நாக்கில் நின்றது அந்தச் சொல்.
எடுத்துக்கொடுக்கக் கூடாதாம்.
உங்கள் வாக்கியங்களை நானே முடித்துவைக்கும்
பழைய பழக்கத்தை முதலில் விட வேண்டுமாம்.
அன்றைய தேதியில் இப்படி இருக்கிறது:
"நான். நாற்பது வினாடி வாயைத் திறக்கவில்லை."

டிசம்பரில் மயூர் விஹாரைப் புகை மூடியது.
எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியவில்லை.
நொய்டா போகும் மெட்ரோ
வெறும் சத்தமாக வந்து, சத்தமாகப் போனது.
பதினோரு நாள் கோட்டுக்கு வலப்பக்கம் காலி.
இல்லை, ஒன்று இருக்கிறது, பென்சிலில்:
"பித்தான். இடது கையால். மேலிருந்து மூன்றாவது."
சொல் இல்லைதான்.
எழுதியபின் அழிக்க மனம் வரவில்லை.

புனேயிலிருந்து பையன் கேட்பான்,
"அப்பாவுக்கு ஏதாவது முன்னேற்றம் தெரியறதா?"
முன்னேற்றம்.
எவ்வளவு நீளமான சொல்.
"மு" வரைக்கும் வந்திருக்கிறோம் என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.

நேற்று மத்தியானம்.
மாசத்தில் முதல் வெயில்.
கமலேஷ் இஸ்திரி மூட்டையோடு மாடியேறி வந்தாள்.
"பாஞ்ச் கப்டே, ஆன்ட்டி."
நான் பர்ஸில் சில்லறை துழாவிக்கொண்டிருந்தேன்.
சோபாவின் வெயில் விழும் முனையிலிருந்து
"சார்" என்றீர்கள்.

யாரை இவ்வளவு மரியாதையாகக் கூப்பிடுகிறீர்கள் என்று
திரும்பிப் பார்த்தேன்.
நான்கு விரல் நீட்டியிருந்தீர்கள்.
மறுபடியும், கொஞ்சம் கோபமாக, "சார்".

பிரித்து எண்ணினோம்.
நாலுதான்.
கமலேஷ் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது,
பேசியது யார் என்று.
மிச்சமான எட்டு ரூபாயை
அவளிடமே கொடுத்தேன்.

ராத்திரி நோட்டை விரித்து
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
தமிழ்கூட இல்லை அது.
படத்தைக் காட்டி வாங்கியதில்லை,
யாரும் கெஞ்சிக் கேட்டதில்லை.
தானாக எழுந்து வந்து
எட்டு ரூபாய்க்குச் சண்டைக்கு நின்ற சொல்.
இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?
கடைசியில் கோட்டின் மேலேயே எழுதினேன்:
துணி நாலு.

இன்று காலை
நாலு விரலைக் காட்டிக் கேட்டேன்.
சிரித்தீர்கள்.
நாலும் வரவில்லை, சாரும் வரவில்லை.

டம்ளரை உங்கள் முன் வைத்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் நிற்கிறேன்.
உதடு குவிகிறது, கலைகிறது,
திரும்பவும் குவிகிறது.
ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு.
காபி ஆறினால் ஆறட்டும்.